ஒலிநாடா காத்திராது



1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் 'இசட். எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்னும் வீட்டுக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் அதன் நினைவகத்திலுள்ள நிரல் முழுவதும் மறைந்துவிடும். அதைக் காப்பதற்குப் பாட்டுக் கேட்கும் சாதாரண டேப் ரிக்கார்டரே துணையாயிற்று. கணினி நிரலைக் கீச்சொலிகளாக மாற்றிக் கேசட்டில் பதித்தது. அவ்வொலியை மீண்டும் கேட்டு நிரலாக்கிக் கொண்டது. பெரிய நிரலெனில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இடையில் ஒலி பிசகினாலோ, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்!

இன்று அக்கணினிகளின் ஆர்வலர்கள் பழைய கேசட்டுகளைத் தேடியெடுத்து, ஒலிக்கச் செய்து, இக்காலக் கணினிகளில் படியெடுத்து வைக்கின்றனர். இதனை வீண் பொழுதுபோக்கு என்று நகைத்தல் தகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல நாடாவின் காந்தப் பூச்சு சிதைகிறது. பூட்டி வைத்தவை ஓசையின்றி அழிகின்றன, படியெடுத்தவையே பிழைக்கின்றன.

எம்மைப் பெற்ற தாயாரின் குரல் பதிந்த கேசட்டு ஒன்றை நெடுங்காலம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தோம். அண்மையில் ஒலிக்கச் செய்தபோது இரைச்சலே மிஞ்சியது. பத்திரம் என்று நாம் எண்ணியது வெறும் சோம்பலே எனப் பின்னரே உணர்ந்தோம்.

உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் அத்தகைய குரல் ஒன்று இருக்கக்கூடும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இராதீர்கள். இன்றே எடுத்துப் படியெடுங்கள்.