எழுத்துக் கூட்டத்தில் ஏழை எங்கே?



உத்தனப்பள்ளி உழவனுக்கு ஆங்கில முதலெழுத்துக்களால் ஆன சொற்கள் புதியவை அல்ல. ‘சிப்காட்’ என்னும் சொல் அவன் வரப்பிலேயே வந்து நின்றது. நிலம் கேட்டது. 2023-ல் அவன் போராடினான்.

அவன் மகன் இன்று ஓசூரில் ஆலைத் தொழிலாளி. அந்த ஆலை நாளை நொடித்துப்போனால், அவனைத் தேடி வருவது கூலியா? இல்லை, மேலும் சில எழுத்துக்கள்!

சி.ஐ.ஆர்.பி. என்பர், நொடித்த நிறுவனத்துக்குத் தீர்வு காணும் நடைமுறை அது. ஆர்.பி. என்பர், நிருவாகத்தைக் கையில் எடுக்கும் தீர்வு வல்லுநர் அவர். சி.ஓ.சி. என்பர், கடன் கொடுத்தோர் குழு. என்.சி.எல்.டி. என்பர், தீர்ப்பாயம். ஐ.பி.பி.ஐ. என்பர், 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் ஈன்றெடுத்த வாரியம்.

இத்தனை எழுத்துக்களில் உழைத்தவன் எந்த எழுத்தில் இருக்கிறான்? சி.ஓ.சி.யில் வங்கிக்கு வாக்கு உண்டு, வியர்வைக்கு இல்லை! தொழிலாளரும் சரக்குத் தந்தோரும் பெறவேண்டிய பாக்கி, மொத்தக் கடனில் 10 விழுக்காட்டை எட்டினால் அவர்களின் சார்பாளர் கூட்டத்தில் அமரலாம், வாக்களிக்க முடியாது. தீர்ப்பாயத்துக்குத் தமிழில் மனு எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன் வைத்தாக வேண்டும்!

“ஆலையைக் கலைத்து விற்றால் தொழிலாளிக்கு முன்னுரிமை உண்டே” என்பர் சிலர். உண்டு, மறுக்கவில்லை. நடைமுறைச் செலவு போக, 24 மாதப் பாக்கிக்கு, ஈடு பெற்ற வங்கிக்குச் சமமான இடத்தை 53-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் எப்போது? 330 நாளில் தீர்வு என்றது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். அதே 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது ஜெட் ஏர்வேஸ். அதனைக் கலைக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டதோ 2024 நவம்பரில்! ஐந்தாண்டு கடந்து வரும் உரிமைக்காக அடுப்பு காத்திருக்குமா?

எழுத்தைக் கண்டு அஞ்சாதீர்! தொழிற்சங்கமே தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம் என்று 2019 ஏப்ரல் 30-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நடைமுறை தொடங்கிய அறிவிப்பு வந்தால், தனியொருவனின் பாக்கிக்குப் படிவம் ‘டி’. எல்லோர்க்கும் சேர்த்துச் சார்பாளர் தருவது படிவம் ‘இ’. ஆலைவாயில் கூட்டங்களில் இதனை எடுத்துச் சொல்லுங்கள்!

தமிழில் மனு! குழுவில் தொழிலாளிக்கு வாக்கு! இவ்விரண்டும் நம் கோரிக்கை. கடன் கொடுத்தவன் பணத்தைத் தந்தான். உழைத்தவன் தன் வாழ்நாளைத் தந்தான். அவனே முதற் கடன்காரன்!