கோலாலம்பூருக்குப் போய் எதைப் பார்த்து வந்தோம்?

பள்ளி விடுமுறை முடிந்த இரண்டு வாரங்களில் இப்பக்கத்துக்குப் பயணக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் கற்றல் பயணம் சென்று திரும்பிய மாணவர்கள் எழுதுபவை. பெரும்பாலானவை விடியற்காலையில் பேருந்து புறப்படுவதில் தொடங்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நெரிசல், பத்துமலையில் 272 படிகள், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு மணி நேரம் கடை பார்த்தல். கடைசி வரியில் ‘மறக்க முடியாத அனுபவம்’ என்று முடியும்.

எழுதிய மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தரப்பட்ட நிகழ்ச்சி நிரல் அப்படி. மூன்று நாளில் பத்துப் பன்னிரண்டு இடங்கள் இருந்தால், ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, படம் எடுத்து, எண்ணிக்கை சரிபார்த்துப் பேருந்தில் ஏறுவதற்கே நேரம் சரியாக இருக்கும். கையில் கொடுக்கப்படும் பயிற்சித்தாளும் அதற்கேற்பவே அமைகிறது. ‘பத்துமலை முருகன் சிலையின் உயரம் என்ன?’ 42.7 மீட்டர். சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கு முன்பே கைப்பேசியைப் பார்த்து எழுதிவிடலாம். அதற்கு ஏன் கடப்பிதழ்?

இவற்றுக்கிடையே எப்போதாவது ஒரு கட்டுரை வேறு மாதிரி வந்து சேரும். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியது நினைவில் நிற்கிறது. கிள்ளானில் பூக்கட்டும் அக்கா ஒருவர் அவரிடம் பசியாறியாச்சா என்று கேட்டிருக்கிறார். மாணவி, பசிக்கவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா சிரித்துவிட்டு, காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்டேன் என்று விளக்கியிருக்கிறார். பேச்சு அப்படியே நீண்டு, எந்த ஊர், தாத்தா எங்கிருந்து வந்தவர், வீட்டில் தமிழ் பேசுவீர்களா என்று போயிருக்கிறது. அதுவரை தமிழைத் தமக்கு மதிப்பெண் போடுகிறவர்களிடம் மட்டுமே பேசியிருந்ததாகவும், மதிப்பெண் போடாத ஒருவரிடம் பேசியது அன்றுதான் என்றும் அந்த மாணவி எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையில் பத்துமலையின் படிக்கணக்கு இல்லை.

அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இந்தப் பயணங்கள் இருக்கவேண்டும் என்பது நம் கருத்து. மற்றவை கூடுதல்.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். நம் மாணவர்கள் பலருக்குத் தமிழ் என்பது வாரத்தில் சில மணி நேரப் பாடம். வாய்மொழித் தேர்வு முடிந்தால் வாயும் மூடிவிடும். கிள்ளானில் ஜாலான் துங்கு கிளானாவில் நடந்தால் நிலைமை வேறு. கைப்பேசிக் கடையில் தமிழில் பேரம் நடக்கிறது. இடையிடையே மலாய்ச் சொற்கள் தாராளமாக வந்து விழுகின்றன. நம் வகுப்பறைத் தமிழை வைத்துப் பார்த்தால் அதில் பிழை கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தத் தமிழில் ஒருவர் கோபப்படுகிறார், கடன் கேட்கிறார், பகடி செய்கிறார். நம் மாணவர்களுக்கு இல்லாதது இதுதான்.

தமிழ்ப்பள்ளிகளுக்குச் செல்லும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி அவற்றில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982ல் மூடப்பட்டது. அதனால் தமிழ்வழிப் பள்ளி எப்படி இருக்கும் என்பதை நேரில் காண நம் மாணவர்களுக்கு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு நல்ல இடம்.

ஆனால் அங்கே போய் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் சேவைக் கற்றல் என்ற பெயரில் சுவருக்குச் சாயம் பூசுகிறோம். எழுதுபொருள் பைகளை வரிசையாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லெண்ணத்தில் குறைவில்லை. இருந்தாலும், ஒரு பக்கம் கொடுப்பவர்களும் மறுபக்கம் வாங்குபவர்களுமாக இரண்டு வரிசைகள் நின்றபின் அவர்களுக்கிடையே நட்பு முளைப்பது கடினம். பல தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பத்து வயதுப் பிள்ளை பின்னத்தையும் சுற்றளவையும் ஒளிச்சேர்க்கையையும் தமிழில் விளக்குவான். நம் உயர்நிலை மாணவருக்கு அந்தச் சொற்களில் பாதி தெரியாது. இங்கே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? சாயம் பூசும் அரை நாளில் நம் மாணவர்கள் நான்காம் ஆண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு கணிதப் பாடம் கேட்டுவிட்டு வரலாம். கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அது நல்லதுதான்.

அதற்காக அங்கே எல்லாம் செழிப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டங்கள் வீடமைப்புப் பேட்டைகளாக மாறிய பிறகு, மாணவர் எண்ணிக்கை சுருங்கிய தோட்டப்புறப் பள்ளிகள் பல உண்டு. தொடக்கப்பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள். எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் தனிப்பாடமாக இருக்கிறது; அதை எடுக்கிறவர்கள் விரும்பி எடுக்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளை நம் மாணவர்கள் சந்தித்தால் பேச விஷயம் நிறைய இருக்கும். ஏன் எடுத்தாய், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்கலாம். நம் பயண நிரல்களில் அவர்களைக் காணோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் படத்துக்கு அழகாக இருப்பதாலோ என்னவோ.

இனி பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே நம் பேருந்து நிற்பது சாப்பாட்டுக்காக. சாப்பிடுங்கள், கோழிப் பெரட்டலை விட்டுவிட்டு வரச் சொல்லும் அளவுக்கு நாம் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆனால் அந்த ஊரின் பெயரே ஒரு கதை. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தபின், நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கில நிர்வாகம் முடிவுசெய்தது. அதற்கான சூளைகள் இருந்த இடம் இது. பின்னர் ரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் இங்கே குடியேறினர். இன்று நீங்கள் குளிரூட்டப்பட்ட வளாகமாகப் பார்க்கும் கேஎல் சென்ட்ரல், பழைய ரயில் முற்றத்தின்மேல் எழுந்தது. அலங்கார வளைவுகளும் லிட்டில் இந்தியா என்ற பெயர்ப்பலகையும் 2010ல் வந்தவை. அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் நூறாண்டைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். 1904ல் தொடங்கப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் கட்டடத்தை ஒட்டி உயர்மாடி எழுப்பும் திட்டம் 2014ல் தெரியவந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். பிறகு அது மரபுடைமைக் கட்டடமாயிற்று. மரபுடைமை பற்றி வகுப்பில் கட்டுரை எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் மேடு மேடான மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. வெண்கோல் ஊன்றி வருகிறவர்களுக்கான பாதை அது. நாற்பது மாணவர்கள் அந்தக் கற்களின்மேல் கும்பலாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சி நமக்குப் பெருமை சேர்ப்பதில்லை. ஆசிரியர்கள் பேருந்திலேயே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

இன்னொரு பழக்கமும் அப்படித்தான். நம் ஒரு வெள்ளிக்கு அங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதனால் கடைக்குள் நுழைந்ததும் ‘எல்லாம் மலிவு’ என்று உரக்கச் சொல்கிறோம். கடைக்காரருக்கும் தமிழ் தெரியும், ஆங்கிலமும் தெரியும்.

கிள்ளானுக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது 1886ல். மலாயாவின் ஆரம்பகால ரயில் பாதைகளில் அது ஒன்று. முதலில் ஈயமும் பின்னர் ரப்பரும் அந்த வழியில் துறைமுகத்துக்குப் போயின. எதிர்த்திசையில் கப்பலில் வந்திறங்கிய நம் மக்கள் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அந்தத் தோட்டங்களில் 1941ல் நடந்தது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி. கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், ஆர்.எச்.நாதன் என்ற பத்திரிகையாளரும் அவர்களுக்குத் துணைநின்றனர். கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். இவற்றுடன் இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச்செல்லும் உரிமை.

சைக்கிளில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கோரிக்கை. இதைக் கேட்டதும் வகுப்பில் யாராவது சிரிக்கலாம். இறங்கி நின்றவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், தொழிலாளர்கள் கொதித்தெழுந்தனர், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அடுத்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்துவிட்டதால், அந்தப் போராட்டம் பலர் நினைவிலிருந்து மறைந்தது. சேலைக்கடை வாசலில் நின்றுகொண்டு இந்தக் கதையை ஓர் ஆசிரியர் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். எந்தக் கட்டணமும் இல்லை.

‘அது மலேசியக் கதைதானே, நமக்கென்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. 1965 வரை எது மலேசியக் கதை, எது சிங்கப்பூர்க் கதை? நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் சிலாங்கூரிலோ ஜொகூரிலோ ஒரு தோட்டத்தில் பிறந்து, வேலை தேடித் தெற்கே வந்தவர்கள். கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ல் தொடங்கியது சிங்கப்பூரில்தான். 1959ல் அங்கே போனது. அந்தத் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று போராடிய கோ.சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு இரு கரையிலும் நிதி திரட்டினார். தமிழ் நூல்கள் வாங்க நம் ஊர்த் தொழிலாளர்களும் அதற்குக் கொடுத்தார்கள். முதல் உலகத் தமிழ் மாநாடும் 1966ல் கோலாலம்பூரில்தான் நடந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களாவது அந்த நூலகத்தின் தமிழ்ப் பகுதியைப் பார்த்து வரக் கேட்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

ஆசிரியர்களின் சிரமம் நமக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பயணத்துக்கு எத்தனை படிவங்கள், எத்தனை பெற்றோர் கையொப்பம், யாருக்கு என்ன உணவு ஒவ்வாமை, யாருடைய கடப்பிதழ் காலாவதியாகிறது என்று ஒரு தமிழாசிரியர் மூன்று மாதம் தூக்கமில்லாமல் இருக்கிறார். ஓரிடத்தில் இறங்கி நடக்கவிடுவதைவிடப் பேருந்தில் ஏற்றிச் செல்வது பாதுகாப்பு. நிரலில் பத்து இடங்கள் இருந்தால் பெற்றோரும் கொடுத்த பணத்துக்குத் தகும் என்று நினைக்கிறார்கள். ஆகவே பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: இடங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். பிள்ளை அங்கே யாரிடம், எவ்வளவு நேரம் தமிழில் பேசினான் என்று கேளுங்கள்.

பயிற்சித்தாள் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேள்விகளை மாற்றலாம். புறப்படுவதற்கு முன் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, சொந்தத்தில் மூத்தவர் யாரிடமாவதோ, அக்கரையில் நாம் இருந்த ஊர் அல்லது தோட்டத்தின் பெயர் என்ன என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம். இந்தியாவிலிருந்து நேரே வந்த குடும்பத்துப் பிள்ளைகள், அங்கே சந்திக்கும் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டு எழுதலாம். அங்கே கேட்ட, இங்கே கேட்டிராத ஐந்து சொற்களைக் குறித்து வரச் சொல்லலாம். பசியாறுதல், ஆயக்கொட்டகை, கிராணி என்று ஒரு பட்டியல் தானாகச் சேரும்.

வரும் நவம்பர் விடுமுறைக்கு நிரல் தயாரித்துக்கொண்டிருக்கும் பள்ளிகளுக்கு இன்னும் ஒன்று. கிள்ளானுக்குப் போகும் நாளில் பேருந்தை விடுதியிலேயே நிறுத்திவையுங்கள். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கிள்ளான். நிலையத்திலிருந்து ஜாலான் துங்கு கிளானா நடந்துபோகும் தூரம்தான். பெட்டியில் பக்கத்தில் யார் உட்கார்வார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பேச்சுக் கொடுப்பவர்களாகவே இருப்பார்கள். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் அங்கே மழை வந்துவிடும்.