கொடியில்லாத கோட்டைகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அந்தப் பட்டியலில் சேர்த்தது. இலக்கிய வாசகருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். பழைய கணினிகளை உயிர்ப்பிக்கும் எமுலேட்டர்களை லினக்ஸ் வழங்கல்களில் சேர்ப்போருக்கு இது வேடிக்கை அன்று.

எமுலேட்டரை எழுதியவர் அதைக் கட்டற்ற உரிமத்தில் தந்துவிடலாம். சிக்கல் ரோமில் இருக்கிறது. பழைய கணினியின் சில்லுக்குள் பதிந்திருந்த அந்த நிரல் இன்றி எமுலேட்டர் வெறும் கூடு. எண்பதுகளில் இந்தியாவிலும் விற்பனையான ஸ்பெக்ட்ரம் கணினியை எடுத்துக்கொள்வோம். அது 1986-இல் சின்க்ளேரிடமிருந்து ஆம்ஸ்ட்ராடுக்குப் போயிற்று. 2007-இல் அந்த ஆம்ஸ்ட்ராடையே பிஸ்கைபி வாங்க முன்வந்தது. எங்கள் செஞ்சிக் கோட்டையும் இப்படிக் கைமாறியதுதான்: 1649-இல் பீஜப்பூர், 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஆனால் கோட்டையின்மேல் கொடி பறந்தது. நிரலின் இன்றைய உடைமையாளர் யாரெனக் காட்ட எதுவும் பறப்பதில்லை.

ஆம்ஸ்ட்ராட் 1999-இல் தன் ரோம்களை எமுலேட்டர்களுடன் வழங்க இசைந்தது. உரிமைக் குறிப்பை மாற்றலாகாது, ரோமுக்குக் காசு வாங்கலாகாது என்பவை நிபந்தனைகள். பெருந்தன்மைதான். எனினும் டெபியன் அந்த ரோம்களைக் கட்டற்றவை அல்லாதவற்றின் பகுதியில்தான் வைத்தது. இதை வறட்டுப் பிடிவாதம் என்போர் உண்டு. நான் டெபியன் பக்கம். குறுந்தகடு விற்கும் சிறு கடைக்காரருக்கும், நிரலைத் திருத்திப் பார்க்கும் மாணவிக்கும் கிட்டாத உரிமை, உரிமையன்று, சலுகை. வணிகப் பயன்பாட்டைத் தடுத்த உரிமத்தை மாற்ற மேம் திட்டத்தினர் பங்களித்தோரின் இசைவைத் தேடிப் பெற்று, 2016-இல்தான் கட்டற்ற உரிமத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நம் சட்டம், முறையாக நிரலைப் பெற்றவர் காப்புப் படி எடுக்க இடமளிக்கிறது. பிறருக்கு வழங்க அன்று. பதிப்புரிமையோ ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதற்குள் சில்லுகள் செத்துவிடும்.

பாரதியின் எழுத்துரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அது பொதுவுடைமை ஆயிற்று. (அவ்வாண்டின் தொடக்கத்தில் முதல்வராயிருந்த ஓமந்தூரார், செஞ்சிக்குப் பக்கத்துத் திண்டிவனத்துக்காரர்.) இலக்கியப் படைப்பென்று சட்டமே சொல்லும் நிரலுக்கும் அந்த வழி திறக்கப்பட வேண்டும். அரசுப் பணத்தில் எழுதப்பட்ட பழைய நிரல்களிலிருந்து தொடங்கலாம். அரசே உரிமையாளராக இருக்குமிடத்தில் எவருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும்.