வளைவு தாங்குமா?



நாமக்கல் நகரம் லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பேர் பெற்றது. ஆலையிலிருந்து சேசிஸாக வந்துசேரும் வண்டிக்கு அங்குள்ள பட்டறைகளே கூடமைத்துத் தருகின்றன. அத்தகைய பட்டறை ஒன்றில் சென்ற மாதம் நின்றிருந்தோம். கொல்லிமலையைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர், மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றத் தம் ஜீப்பின் கூரைமேல் இரும்புத் தட்டு பற்றவைக்க வேண்டினார். பிள்ளைகள் அமரப் பின்புறத்தையும் நீட்டச் சொன்னார். வெல்டரோ, "அண்ணே, கம்பி தாங்கும், வளைவு தாங்காது" என்று மறுத்துவிட்டார்.

உண்மையே. அம்மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூரைமேல் சுமை ஏறினால் வண்டியின் எடைமையம் உயர்ந்து, திருப்பத்தில் கவிழ ஏதுவாகும். பின்புறம் நீண்டு கனத்தால் ஏற்றத்தில் முன்சக்கரங்களின் பிடி தளரும். இறக்கத்தில் பிரேக் சூடேறி வலுவிழக்கும். பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாதென 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவில் விதிக்கின்றது.

நம் வண்டி, நம் பணம் என்போம். அதில் அமரும் பிள்ளைகளின் உயிரும், எதிரே வருவோரின் உயிரும் நம் விருப்பத்திற்கு உரியனவோ?

குடும்பத் தலைவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், சுமையை இரண்டு நடையாக இறக்க இசைந்து, ஜீப்பை வந்தபடியே ஓட்டிச் சென்றார். அன்றைய கூலியை இழந்த அத்தொழிலாளியை நன்றியோடு நினைக்கின்றோம்.