24 பாட்டில் மருந்து

பிறர் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை, ஒன்றாகச் சேர்த்து அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதத்தை மட்டும் வடித்தெடுக்கிறார்கள். ரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அதை ஏற்றுகிறார்கள். விலையோ யானை விலை, குதிரை விலை!

இதை ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பல குடும்பங்களில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே, இது எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது டாக்டர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல என்பதே என் கட்சி.

1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், 8 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பையனுக்கு ஓயாமல் கிருமி நோய். பார்த்தால், ரத்தத்தில் அந்தப் புரதமே இல்லை! ஊசி மூலம் அதைக் கொடுத்ததும் தேறினான். இப்படிப் பிறப்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் இது தேவை. அவர்களுக்கு இது மருந்தல்ல, சோறு.

1981-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர் பால் இம்பாக் வேறோர் ஆச்சரியத்தை வெளியிட்டார். ரத்தத் தட்டணுக்கள் குறைந்த குழந்தைகளுக்கு இதை ஏற்றினார். தட்டணுக்கள் மளமளவென்று ஏறின. காவலாளி இல்லாத வீட்டுக்குக் காவலாளியாக வந்த மருந்து, வீட்டுக்காரனையே அடிக்கும் காவலாளிக்கு விலங்கும் மாட்டுகிறது!

ஜப்பானிய டாக்டர் கவாசாகியின் பெயரால் வழங்கும் குழந்தை நோயிலும் இதற்கு இணை இல்லை. 5 நாளாக விடாத ஜுரம், சிவந்த கண், சிவந்த உதடு, உடம்பில் தடிப்பு. அம்மை என்று வேப்பிலை சொருகிக் காத்திருக்கிறோம். 10 நாளுக்குள் மருந்தை ஏற்றாவிட்டால் இருதயத்தின் ரத்தக் குழாய் வீங்கிவிடும் அபாயம் அதிகம். 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம் போதும். இங்கே கஞ்சத்தனமே கூடாது.

பெரியவர்கள் விஷயத்தில்தான் கணக்கு மலைக்க வைக்கிறது. 2025 ஜனவரியில் புனே நகரத்தின் சிங்ககட் சாலைப் பக்கம் பலருக்குத் திடீரென்று கால் துவண்டது. கில்லன் பாரே என்ற நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது. காலில் தொடங்கி மேலே ஏறி, சிலருக்கு மூச்சையும் பிடிக்கிறது. அசுத்தமான தண்ணீர் மீது சந்தேகம் விழுந்தது. ஓர் ஊசி 20,000 ரூபாய் வரை என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அளவு, கிலோவுக்கு 2 கிராம், 5 நாளில். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 5 கிராம் பாட்டிலானால் 24 பாட்டில்! யாரால் முடியும்?

ஆனால் இந்த நோய்க்கு இன்னொரு வைத்தியமும் உண்டு. நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்று நீர் ஏற்றும் முறை அது. இரண்டும் ஒரே பலன் தருவதாக 1992-ல் டச்சு டாக்டர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் பல இடங்களில் இதற்குச் செலவு குறைவு. யந்திரமும் பழகிய கையும் வேண்டும். ரத்த அழுத்தம் தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறவர்களுக்காவது சொல்லலாமே! எழுந்து நடமாடும் அளவுக்கு லேசாக நோய் கண்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேண்டியதில்லை.

முதல் தடவை குணம் தெரியவில்லை என்று இன்னொரு 24 பாட்டில் எழுதுவதும் உண்டு. இரண்டாம் முறை ஏற்றியதில் பலன் கூடவில்லை, பக்க விளைவுகளே கூடின என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. ரத்தத்தில் கிருமி பாய்ந்த பச்சைக் குழந்தைகள் சுமார் 3,500 பேரிடம் சோதித்ததிலும் (2011) இந்த மருந்தால் பயன் இல்லை. ஞாபக மறதி நோய்க்கு 2013-ல் கை விரித்துவிட்டது.

சர்க்கார் செய்ய வேண்டியது இரண்டு. கவாசாகி நோய்க்கும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கும் ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். பிளாஸ்மா மாற்றும் யந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் தலைநகரோடு நின்றுவிடாமல் ஜில்லாவுக்கும் வர வேண்டும். டாக்டர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 24 பாட்டிலுக்குச் சீட்டு எழுதும் முன், மற்ற வழியையும் அதன் செலவையும் வீட்டாரிடம் சொல்லிவிடுவது.