டென்ஷனைக் குறைக்குமா ‘மொக்கை’ கேம்கள்? ரிலாக்ஸ் எங்கே முடிகிறது, எரிச்சல் எங்கே தொடங்குகிறது?

மாலை நேர மெட்ரோ ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு ‘மொக்கை’ கேம் ஓடிக்கொண்டிருக்கலாம். கலர் மிட்டாய்களை வரிசையில் சேர்ப்பது, கட்டங்களை அடுக்குவது, தண்டவாளத்தில் ஓடுவது என அவ்வளவுதான் விஷயம். பெரிய கதை கிடையாது. ‘இந்த வயசுல இதெல்லாம் ஒரு விளையாட்டா?’ என்று வீட்டில் கேட்டால், ‘சும்மா, ஒரு ரிலாக்ஸுக்கு’ என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் உண்மை இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது என்கின்றன ஆய்வுகள். ஆனால், ரிலாக்ஸ் ஆவதற்காகத் திறந்த அதே கேமை அரை மணி நேரம் கழித்து எரிச்சலோடு மூடுவதும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறுகிறது?

தியானச் செயலியா, கட்டம் அடுக்கும் கேமா?

பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகம், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 பேருக்கு முதலில் களைப்பூட்டும் கணக்குகள் தரப்பட்டன. பிறகு ஒரு குழு கைப்பேசியில் கட்டம் பொருத்தும் கேம் ஆடியது. இன்னொரு குழு தியானச் செயலியைப் பயன்படுத்தியது. மூன்றாவது குழுவின் கையில் ஒரு ஃபிட்ஜெட் ஸ்பின்னர்.

கேம் ஆடியவர்கள் களைப்பு குறைந்து தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். மற்ற இரு குழுக்களிலும் தெம்பு குறைந்தது. வேலை முடிந்து வீடு திரும்பியவர்களிடம் ஐந்து நாள் நடத்திய அடுத்தகட்ட சோதனையிலும் கேம் பக்கமே தட்டு சாய்ந்தது. இது சிறிய ஆய்வு. தியானம் வேஸ்ட் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால், ‘கேம் ஆடுவது வெறும் டைம்பாஸ்’ என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது.

மூளைக்கு என்ன கிடைக்கிறது?

வேலைக் களைப்பிலிருந்து மீள நான்கு விஷயங்கள் உதவுகின்றன என்று உளவியலாளர்கள் சபீன் சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் வகைப்படுத்தினர். வேலையை மனதளவில் கழற்றி வைப்பது, உடலும் மனமும் தளர்வது, ஏதாவது ஒன்றில் கை தேர்வது, நம் நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு. இவைதான் அந்த நான்கு.

ரீல்ஸ் பார்க்கும்போது முதல் இரண்டு ஓரளவு கிடைக்கலாம். அடுத்த இரண்டும் கிடைப்பது கஷ்டம். சிம்பிளான கேமில் நான்கும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆபீஸில் மூன்று வாரமாக இழுக்கும் புராஜெக்ட் எப்போது முடியும் என்று தெரியாது. இங்கே இரண்டு நிமிடத்தில் ஒரு லெவல் முடிகிறது. தப்பு செய்தாலும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேம் எவ்வளவு கடினம் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தனர். தங்களைப் பற்றிய ஒரு மதிப்பீட்டுக்காகப் பதற்றத்துடன் காத்திருந்தவர்களை டெட்ரிஸ் ஆட வைத்தனர். ரொம்ப ஈஸியான ஆட்டமும், ரொம்ப டஃப்பான ஆட்டமும் பெரிதாக உதவவில்லை. ஆடுபவரின் திறமைக்கு ஏற்ப வேகம் மாறிய ஆட்டம்தான் கவலையைக் கூடுதலாக மறக்கடித்தது.

எரிச்சல் எங்கே தொடங்குகிறது?

இந்த கேம்களில் பெரும்பாலானவை இலவசம். விளம்பரமும், கேமுக்குள் விற்கும் சின்னச் சின்னப் பொருட்களும்தான் வருமானம். ‘கேண்டி க்ரஷ் சாகா’ 2012இல் வந்தது. அதைத் தயாரித்த கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் பிளிஸார்டு 590 கோடி டாலருக்கு வாங்கியது. மிட்டாய் அடுக்கும் ஆட்டத்துக்கு இவ்வளவு விலை எப்படி?

விளையாடத் தொடங்கும்போது ஐந்து ‘லைஃப்’ கிடைக்கும். தோற்றால் ஒன்று போகும். அது திரும்ப வர 30 நிமிடம் ஆகும். காத்திருக்கலாம், நண்பர்களிடம் கேட்கலாம், இல்லாவிட்டால் காசு கொடுக்கலாம். ஆட்டம் நிற்பது ஆடுபவருக்குப் போதும் என்று தோன்றும் இடத்தில் அல்ல. ‘இன்னும் ஒரே ஒரு மூவ் இருந்தா முடிச்சிருப்பேன்’ என்று தோன்றும் இடத்தில்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இந்த ‘நூலிழைத் தோல்வி’யைத்தான் ஆராய்ந்தனர். மோசமாகத் தோற்றவர்களைவிட, ஜெயிக்கும் நிலைக்கு வந்து கோட்டைவிட்டவர்களிடம் எரிச்சல் அதிகம் இருந்தது. அதே சமயம், தொடர்ந்து ஆட வேண்டும் என்ற உந்துதலும் அவர்களிடமே அதிகம். எரிச்சலாக இருந்தும் கையை விட்டு இறக்க முடியாத அந்த நிலையை இதற்கு மேல் ரிலாக்ஸ் என்று சொல்ல முடியாது.

தினமும் தவறாமல் வந்தால் பரிசு, ‘உங்கள் லைஃப் ரெடி’ என்ற நோட்டிஃபிகேஷன், 30 நொடி விளம்பரம் பார்த்தால் இன்னொரு வாய்ப்பு என எல்லாமே இதே வழியில்தான் வேலை செய்கின்றன. முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கேமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் உருவாக்கிய ‘ஃப்ளாப்பி பேர்ட்’ 2014 தொடக்கத்தில் உலகமெங்கும் ஹிட். விளம்பரத்தில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் வருவதாக அவர் கூறியிருந்தார். அந்த உச்சத்திலேயே, பிப்ரவரி மாதம் கேமை ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கினார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடுவதற்காகச் செய்தது, விட முடியாத பழக்கமாகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

2021இல் பொதுமக்களுக்கு வந்த ‘வேர்டில்’ இன்னொரு உதாரணம். ஜோஷ் வார்டில் உருவாக்கிய இதில் நாளொன்றுக்கு ஒரே ஒரு சொல்தான். கண்டுபிடித்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்ததுக்கு நாளை வர வேண்டும். 2022இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகும் அதன் தினசரிப் புதிர் இதே முறையில் தொடர்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு முடிவு இருப்பதால், நிறுத்தும் பொறுப்பு முழுவதும் ஆடுபவர் தலையில் விழுவதில்லை.

என்ன செய்யலாம்?

இன்டர்நெட் இல்லாமல் ஓடும் கேமாக இருந்தால், டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு ஆடலாம். பெரும்பாலான விளம்பரங்கள் நின்றுவிடும். நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டால் கேம் உங்களைக் கூப்பிடாது. நீங்கள் நினைத்தால்தான் போவீர்கள். ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது நல்லது.

எங்கே ஆடுவது என்பதும் கணக்கில் வரும். ரயிலில் ஆடினால் இறங்கும் ஸ்டேஷனே ஆட்டத்தை முடித்துவைக்கும். படுக்கையில் அப்படி ஒரு ஸ்டேஷன் இல்லை. ‘ஒரே ஒரு கேம்’ தூக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது அங்கேதான்.

பணம் கட்டி ஆடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதற்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ‘கேமிங் குறைபாடு’ இடம்பெற்றுள்ளது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமுக்கு முன்னுரிமை, பாதிப்பு தெரிந்த பிறகும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். பொதுவாக 12 மாதங்களுக்கு இந்த நிலை நீடித்தால்தான் அப்படிக் கருதுவார்கள். ரயிலில் பத்து நிமிடம் மிட்டாய் அடுக்குபவர் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

அவர் பார்க்க வேண்டியது வேறு. கேமை மூடும்போது காலையில் மேனேஜர் சொன்னது மறந்திருக்கிறதா, அல்லது அதோடு 214ஆவது லெவல் கவலையும் சேர்ந்திருக்கிறதா? இரண்டாவது என்றால், அந்த கேமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, முடிவு உள்ள வேறொரு மொக்கை கேமைத் தேடலாம்.