ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

பெருங்குடியில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஹவுஸ் ஓனர் ஷேட் கார்டை நீட்டுவார். "ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி." ஒன்று ஐவரி, இன்னொன்று ஆஃப் ஒயிட். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். இதற்குப் பேர் தேர்வா?

வெள்ளைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் முதலில் சொல்வது, "வீட்டைப் பெருசாக் காட்டும்." வெளிர் நிறம் வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பித் தரும், உண்மை. ஆனால் திருப்பித் தர முதலில் வெளிச்சம் உள்ளே வரணுமே! ஓ.எம்.ஆர். பக்கத்து அடுக்ககங்கள் பலவற்றில் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃப்ளாட்டின் சுவர்தான். அந்த அறையில் வெள்ளை, பகலிலேயே அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அங்கே ஒரு இளமஞ்சள் செய்வதை வெள்ளையால் செய்ய முடியாது. மேற்கு வெயில் அடிக்கிற அறைக்கோ இளம்பச்சை கண்ணுக்கு இதம். நிறம் டப்பாவில் மட்டும் இல்லை, அறையின் வெளிச்சத்திலும் இருக்கிறது. சுவரில் ரெண்டடிக்கு ரெண்டடி அடித்து, காலையில் ஒருமுறை, ராத்திரி லைட் போட்டு ஒருமுறை பார்க்காமல் எடுக்கும் முடிவு வெறும் குருட்டு யோகம்.

அடுத்து, "நம்ம மரபே வெள்ளைதானே." பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பைச் சொல்கிறார்கள். அது மலிவாகக் கிடைத்தது, வருஷாவருஷம் புதுசானது, நீலம் கலந்து பளிச்சென்று அடித்தார்கள். பல வீடுகளில் கீழே காவிப் பட்டையும் உண்டு. அது கொண்டாட்டம். ஐவரி எமல்ஷன், யார் மனசும் நோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

மேற்கைக் காட்டினாலும் கதை அதேதான். வீடுகளுக்கெல்லாம் வெள்ளையடிக்கணும் என்று 1925இல் சட்டம் போடுவதுபோல் எழுதிய லெ கொர்புசியே, 1931இல் சலுப்ரா என்ற சுவர்த்தாள் நிறுவனத்துக்கு 43 நிறங்கள் தேர்ந்து கொடுத்தார்.

அப்படியென்றால் இந்த வெள்ளை யாருக்காக? அடுத்து வரப்போகிற வாடகைதாரருக்காக. இன்னும் வராத ஒருவருடைய ரசனைக்கு இடைஞ்சல் இல்லாமல் நாம் குடியிருக்கிறோம். அவர் வந்தபின் அவருக்கும் இதே கதிதான்.

காசு கணக்கையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகத்தான் பட்டியலிடுகிறது. அந்த "வேறு உடன்பாடு"தான் அக்ரிமென்ட்டில் ஒரு வரியாக வந்து உட்கார்கிறது: காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை அட்வான்ஸில் கழிக்கப்படும். பணம் நம்முடையது, நிறம் அவருடையது.

அடர்நிறம் அடித்தால் மறைக்கக் கூடுதல் கோட் ஆகும் என்ற ஓனரின் கவலை நியாயம். கருநீலமும் ரத்தச் சிவப்பும் வேண்டாம். ஆனால் இளமஞ்சளை மறைக்க அப்படியென்ன பெரிய செலவு?

அடுத்தமுறை ஷேட் கார்டு நீளும்போது ரெண்டில் ஒன்றைத் தொட்டுக் காட்டாதீர்கள். பெயிண்டிங் காசு நான் தருவதென்றால் நிறத்தையும் நானே சொல்கிறேன் என்று, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அதை அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு சுவருக்காவது.